கோகப் கொடியைப் படுக்கவைக்காத வருஷம்

ஊசி போடுகிறவள் குத்துவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? கோகப் சொல்ல மாட்டாள். சுகாதார நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் ஊசி போட்டு ஓய்வு பெற்றவள். இப்போதும் எங்கள் சந்தில் யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் மருந்தை வாங்கிக்கொண்டு அவளிடம்தான் ஓடுவோம். "திரும்பிப் படு" என்பாள். நாம் திரும்பிப் படுத்து, மூச்சைப் பிடித்து, கடவுளை நினைக்க ஆரம்பிக்கும்போது அவள் பஞ்சை வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

"முடிஞ்சதா?" என்று கேட்டால், "முடிஞ்சு டீயும் கொதிச்சாச்சு, எழுந்திரு" என்பாள். எத்தனையோ வருஷமாக அவளிடம் குத்து வாங்குகிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குத் தூக்கிவாரிப் போடும்.

அவள் கை அப்படி. மனசு ஒன்றை நினைத்து முடிப்பதற்குள் கை அதைச் செய்து முடித்திருக்கும். இருபத்திரண்டு வயதில் அவளை அராக் நகரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நாலாம் மாதம் ஒரு மத்தியானம், கையில் ஒரு பை கூட இல்லாமல் எங்கள் ஊர் ஹமதானுக்கு வரும் பேருந்தில் வந்து இறங்கினாள். நான் அப்போதுதான் பக்கத்து வீட்டுக்கு மருமகளாக வந்திருந்தேன். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களிடம், "அந்த வீட்டு முற்றத்துல ஒரு பச்சை இலை கிடையாது, எனக்குச் சரிப்படாது" என்றாள். சந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். பல வருஷம் கழித்து, இருவரும் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தலை நிமிராமல் சொன்னாள்: "ஒரு தடவை அடிச்சான், ஃபரங்கிஸ். ரெண்டாவது அடிக்கு நான் ஏன் அங்க நிக்கணும்?" அன்றைக்குச் சிரித்ததற்காக இன்றும் எனக்கு வெட்கம்.

அவள் தம்பி ஹெஷ்மத்துக்கு அப்போது பதினெட்டு வயது. அவன் எதுவும் கேட்கவில்லை. அடுத்த பேருந்தில் அராக் போனான். அக்காவின் பெட்டியையும் தையல் மிஷினையும் தோளில் சுமந்து வந்து தொம்மென்று அறையில் வைத்தான். பேசாத ரகம். வாயைத் திறந்தால் அடுப்புச் சூடு வெளியே போய்விடும் என்று நினைக்கிறவன் மாதிரி இருப்பான். பிற்பாடு ரொட்டிக்கடை வைத்ததும் பொருத்தம்தான்.

இந்த அக்காவும் தம்பியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டு நான் கேட்டது வருஷத்தில் ஒரே நாள். இலையுதிர்காலத்து ஆபான் மாதம் பாதியில், முற்றத்தைக் குளிருக்குத் தயார் செய்யும் நாள்.

எங்கள் ஊர்க் குளிரை என்னவென்று சொல்ல! அல்வந்த் மலையில் வெள்ளை விழுந்துவிட்டால் பிறகு முற்றத்தில் எதையும் விட்டுவைக்க முடியாது. ஜெரேனியத் தொட்டிகள் நிலவறைக்குப் போக வேண்டும். குழாய்களுக்குச் சாக்கு கட்ட வேண்டும். முற்றத்துத் தொட்டித் தண்ணீரை இறைத்து, செம்மீன்களை வாளியில் எடுத்து உள்ளே கொண்டுபோக வேண்டும். சீமை மாதுளைகளைப் பறித்துத் துணிகளுக்கு நடுவே அடுக்க வேண்டும். கேரட்டை மணலில் புதைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியாகத் திராட்சைக்கொடியை மண்ணில் படுக்கவைக்க வேண்டும். நிற்கவிட்டால் கொடி ஒரே குளிரில் செத்துப்போகும்.

அவர்கள் வீட்டுக் கொடி என் மேல்மாடி ஜன்னலுக்குக் கீழேதான். முன்கை பருமன் இருக்கும் அடித்தண்டு. வேரிலிருந்து ஒரு முழம் மேலே மடங்கிய முழங்கை மாதிரி ஒரு வளைவு. நாற்பது வருஷமாக ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் கிழக்குப் பக்கமாகவே படுக்கவைத்து, அந்த இடத்தில் தண்டு வளைந்து பழகிவிட்டது. கிழக்கே சாய்த்தால் வயதானவர்கள் பாயில் படுப்பதுபோல முனகிக்கொண்டே படுக்கும். வேறு பக்கம் சாயாது, முறியும். இது எங்கள் ஊர்ச் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். கோகப் பள்ளம் தோண்டுவாள், பிறகு அந்த முழங்கையின் மேல் உட்கார்ந்து தன் எடையால் அமுக்குவாள். ஹெஷ்மத் கொடியின் தலையை இரண்டு கையிலும் ஏந்தி, பின்னாலேயே நடந்து நடந்து, பள்ளத்தில் வைக்கோல் மேல் இறக்குவான்.

"மெதுவாடா, மெதுவா! ரொட்டியா இழுக்கற?"

"நீ எழுந்துராதே அக்கா. போன வருஷம் எழுந்துட்ட, என் பல்லு போயிருக்கும்."

"போனா என்ன, பேசவா பயன்படுது?"

அவர்கள் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து சிரிப்பாள். போன வசந்தத்தில் அந்த அம்மா போய்ச் சேர்ந்தாள். கடைசி வாரம் அவள் தொண்டையில் இறங்கியது முந்தின வருஷம் புட்டியில் அடைத்து வைத்த இந்தக் கொடியின் காய்த்திராட்சைச் சாறு ஒன்றுதான். கோகப் தேக்கரண்டியில் ஊட்டினாள், ஹெஷ்மத் தலையைப் பிடித்துக்கொண்டான்.

அம்மாவின் நாற்பதாம் நாள் கழிந்ததும் வீட்டைப் பிரித்தார்கள். தம்பிக்கு இரண்டு பங்கு, அக்காவுக்கு ஒரு பங்கு. சட்டம் அப்படி, நான் என்ன சொல்ல? கோகப் கையெழுத்துப் போட்டாள், ஆனால் உள்ளுக்குள் எரிந்தது. அம்மாவின் மலம் மூத்திரம் எடுத்தவள் அவள். ஹெஷ்மத்தின் மகனுக்கு அடுத்த வசந்தத்தில் கல்யாணம். வரப்போகிற மருமகளுக்குத் தனி முற்றம் வேண்டும் என்று ஹெஷ்மத்தின் மனைவி பத்ரி நச்சரித்தாள். முற்றத்தின் நடுவே ஒரு சுவர் வரும் என்பது பேச்சளவில் முடிவாகியிருந்தது. எப்போது என்று யாரும் பேசவில்லை.

கோடையில் கோகப் ஒரு வாரம் மஷ்ஹதுக்கு யாத்திரை போனாள். திரும்பி வந்த அன்று பேருந்து நிலையத்திலிருந்து நான்தான் அழைத்துவந்தேன். அவள் பை என் கையில் இருந்தது. குங்குமப்பூ, தம்பிக்கு ஒரு பொட்டலம் கற்கண்டு, கல்யாணப் பையனுக்கு நீலக்கல் மோதிரம். வழியெல்லாம் நான் அவள் முகத்தைப் பார்க்காமலே நடந்தேன். ஏனென்றால் எனக்குத் தெரியும். மூன்று நாளாகக் கொத்துக்காரன் செங்கல் அடுக்குவதை என் வீட்டிலிருந்து கேட்டவள் நான். எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, சொல்லாமலே வாசலுக்கு வந்துவிட்டேன்.

அவள் கதவைத் திறந்தாள். முற்றத்தின் நடுவே ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுவர் நின்றது. தண்ணீர்த்தொட்டி அந்தப் பக்கம். கொடி இந்தப் பக்கம். சுவருக்கும் கொடியின் வேருக்கும் நடுவே இரண்டு சாண்.

"இது என்ன?" என்றாள்.

"சுவர்" என்றேன். வேறென்ன சொல்ல?

"சுவர்னு எனக்குத் தெரியுது, ஃபரங்கிஸ்."

என் கையிலிருந்த பையை வாங்கினாள். கற்கண்டுப் பொட்டலத்தை எடுத்தாள். சுவருக்கு மேலே ஒரு வீச்சு. அந்தப் பக்கம் தொட்டியில் 'தொபுக்' என்று விழுந்தது. "அவனுக்கு வாங்கினது, அவனுக்கே போகட்டும்" என்றாள். பத்ரி அங்கே அலறினாள். மோதிரம் மட்டும் தப்பியது.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. தம்பி சுடும் ரொட்டி வேண்டாம் என்று கோகப் ஊரின் மறுகோடிக்கு நடந்துபோய் வேறு கடையில் வாங்கினாள். வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் அது ஆறி விறைத்துவிடும். அதை என்னிடம் நீட்டி, "எவ்வளவு ருசி பார்" என்பாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ருசிதான் என்பேன். பத்ரியும் இவளும் சுவருக்கு இருபுறமும் நின்று, ஒருவர் பெயரை ஒருவர் சொல்லாமலே, காற்றிடம் சண்டை போட்டார்கள். ஹெஷ்மத் வழக்கம்போல் வாயே திறக்கவில்லை.

இலையுதிர்காலம் வந்தது. கோகப் தனியாகவே எல்லாம் செய்தாள். ஜெரேனியத் தொட்டிகள் நிலவறைக்கு இறங்கின, குழாய்கள் சாக்குக் கட்டிக்கொண்டன, சருகெல்லாம் கூட்டி எரித்தாயிற்று. சந்தில் எல்லார் வீட்டுக் கொடியும் மண்ணுக்குள் போய்விட்டது. ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டாள். "வா, நீ தலையைப் பிடி, நான் முழங்கையில உக்காரறேன். அவன் ஒருத்தன்தான் இந்த உலகத்துல ஆளா?"

முதல் நாளே கிளைகளைக் கழித்து, பந்தலிலிருந்து அவிழ்த்து வைத்திருந்தாள். பள்ளம் மட்டும் தோண்டவில்லை; கொடி விழும் கோட்டைப் பார்த்துவிட்டுத் தோண்டலாம் என்றாள். நான் கொடியின் தலையை ஏந்தினேன். பழக்கத்தில் இரண்டு பேருமே கிழக்கே திரும்பினோம். கொடியின் நுனி சுவரில் போய் இடித்தது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நிமிஷம் வரைக்கும் எங்கள் இருவர் மூளைக்கும் இது எட்டவில்லை. கோடை முழுவதும் அந்தச் சுவரைத் திட்டினோம். தொட்டி போயிற்று என்று திட்டினோம், வெயில் போயிற்று என்று திட்டினோம். கொடி படுக்கிற பள்ளத்தின் மேலேயே அது நிற்கிறது என்று தோன்றவே இல்லை. கோடையில் யார் குளிரை நினைக்கிறார்கள்?

கோகப் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"வேணும்னே பண்ணிருக்கான்" என்றாள் மெதுவாக.

"சேச்சே, அவனுக்கும் தோணியிருக்காது..."

"அவனுக்குத் தோணாதா? நாப்பது வருஷமா தலையைப் பிடிச்சவன் அவன்! கொடி என் பங்குக்கு வந்துச்சுன்னு குளிரை வச்சே கொல்லப் பாக்கறான்."

"நான் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஊசி போடும்போது பிடிக்கிற பிடி. "எங்கம்மா கல்லறை மேல சத்தியம் பண்ணு. இந்தக் கொடியைப் பத்தி அவன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு." பண்ணித் தொலைத்தேன். அந்தச் சத்தியத்தை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிறகு எத்தனையோ பார்த்தோம். தண்டில் ஈரச்சாக்கைச் சுற்றி ஊறவைத்து, தெற்குப் பக்கம் துளித்துளியாகச் சாய்த்தோம். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், இருவரும் கையை எடுத்துவிட்டோம். நிற்கவைத்தே கம்பளி சுற்றலாம் என்றேன். "மைனஸ் இருபது டிகிரி குளிருக்கா? அத்திமரத்துக்குச் சுத்தினோமே, வசந்தத்துல விறகாத்தானே அவிழ்த்தோம்?" என்றாள். அதுவும் நிஜம். கடைசியில் கொடியின் தலையை ஒரு சமையலறை நாற்காலியில் கிடத்தி, மேலே பழைய கோட்டைப் போர்த்தி வைத்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் யாரோ நோயாளி முற்றத்தில் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். எனக்குத் திரை போடத் தோன்றும்.

அப்படியே பதினைந்து நாள் போயிற்று. சாயங்காலமானால் கோகப் சுவர்ப் பக்கம் நின்று, "அம்மா எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருக்கா! செங்கலுக்குள்ள இருக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்!" என்று கத்துவாள். பதில் வராது. ஒரு சாயங்காலம் மட்டும் அந்தப் பக்கத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

"கேட்டியா?" என்றாள். "மருமகளுக்கு டூலிப் கிழங்கு புதைக்கறான். இங்க கொடி சாகுது, அங்க பூத்தோட்டம்."

நானும் ஆமாம் என்றேன். டூலிப் என்றே நானும் நினைத்தேன்.

இதைவிட ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டால் எனக்கு நெஞ்சு அடைக்கும். அதற்கு மறுநாளோ அடுத்த நாளோ ஹெஷ்மத்தின் கடைக்கு ரொட்டி வாங்கப் போனேன். நான் ஒன்றும் சத்தியம் பண்ணவில்லையே ரொட்டிக்கு! அவன் அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்து, சுடுவதற்கு அடியில் பரப்பிய கூழாங்கற்களில் ஒட்டிக்கொண்டு வந்தவற்றைத் தட்டிவிட்டு, என் கையில் கொடுத்துக்கொண்டே கேட்டான்.

"ஃபரங்கிஸம்மா, அக்கா தோண்ட ஆரம்பிச்சாளா?"

வாயே திறக்காதவன், அன்றைக்குத் திறந்தான். எனக்கோ ஆத்திரம் தலைக்கேறியது. செய்வதையும் செய்துவிட்டு விசாரிக்க வேறு வந்துவிட்டான் என்று நினைத்தேன். "உனக்கெதுக்கு? நீ சுவர் கட்டுற வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு விர்ரென்று வந்துவிட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரிய வெட்டு வெட்டிவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

மூன்று நாள் கழித்துக் காலையில் வானொலி சொன்னது: இன்றிரவு முதல் பனி, அதோடு கடுங்குளிர். நான் துணி உலர்த்த ஜன்னலைத் திறந்தேன். கீழே கோகப் நின்றிருந்தாள். கையில் ரம்பம்.

"ஏய் கோகப்! என்னடி பண்ற?"

அவள் மேலே பார்க்கக் கூட இல்லை. நான் மாடிப்படியில் ஒரு செருப்போடு இறங்கி ஓடினேன். என் வாசலுக்கும் அவள் வாசலுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கும்? இருபதடி. நான் கதவைத் தள்ளும்போதே கொடி நாற்காலியோடு சேர்ந்து தரையில் கிடந்தது. வேருக்கு மேல் ஒரு சாண் அடிக்கட்டை மட்டும் நின்றது.

ஒரு ஆளை வெட்டிப்போட்டதைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வசந்தத்தில் ஒரு சின்னக் கிளையைக் கிள்ளினாலும் நாள் முழுக்கச் சொட்டும் கொடி அது. இப்போது வெட்டுவாயில் ஒரு துளி இல்லை. சந்தன நிறத்தில் காய்ந்த வட்டம்.

"அடிப்பாவி" என்றேன்.

"அவன் பாத்துக்கிட்டிருக்க, இது நின்னபடி சாகணுமா? என் கையால போகட்டும்." குரல் நிதானமாக இருந்தது. ரம்பத்தைத் துணியால் துடைத்தாள், ஊசியைத் துடைப்பது போலவே. பிறகு சட்டென்று அந்தக் கொடியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "ஃபரங்கிஸ்" என்றாள், "நான் என்ன பண்ணிட்டேன்?"

கை முந்திக்கொண்டது, மனசு இப்போதுதான் வந்து சேர்ந்தது. அவளைத் திட்டவா, கட்டிப் பிடிக்கவா? இரண்டையும் செய்தேன்.

மத்தியானம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. "வேராவது மிஞ்சட்டும். எழுந்திரு, அடிக்கட்டை மேல மண் குவிக்கலாம்" என்று நான்தான் கிளப்பினேன். முற்றத்து மண் மேலாக இறுகிப் போயிருந்தது. எளிதாக மண் கிடைக்குமிடம் பழைய பள்ளம் ஒன்றுதான். வருஷா வருஷம் தோண்டித் தோண்டி இளகிய மண். கோகப் மண்வெட்டியை அங்கே, சுவரடியில் போட்டாள்.

நாலாவது வெட்டில் சத்தம் மாறியது. கல்லில் படுகிற சத்தம் இல்லை. உள்ளே வெறுமையாக இருக்கிற சத்தம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள் மண்டியிட்டுக் கையால் மண்ணை வாரினாள். சுவரின் அஸ்திவாரத்தில் ஒரு நீளக் கருங்கல் பலகை குறுக்காக வைக்கப்பட்டிருந்தது, வாசற்படிக்கு மேலே வைப்பார்களே அப்படி. அதற்குக் கீழே இரண்டு முழ அகலத்துக்குச் செங்கலே இல்லை. ஓரங்களை வழவழவென்று பூசி, தண்டு உரசாமலிருக்க விளிம்பில் பழைய டயர்த்துண்டு கூடப் பதித்திருந்தது. நடுவில் சாக்குமூட்டை அடைத்திருந்தது.

கோகப் சாக்கைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பக்கத்து வெளிச்சம் எங்கள் பக்கம் வந்தது.

நான் குனிந்து பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம் தோண்டி முடிந்திருந்தது. பழைய பள்ளம் ஓடிய அதே கோட்டில், அதே நீளத்தில். அடியில் புது வைக்கோல் விரித்திருந்தது. மூடுவதற்கான மண்ணும் ஓரத்தில் சலித்துக் குவித்திருந்தது. டூலிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அப்படியானால் கோடையிலேயே, கற்கண்டு தொட்டியில் விழுவதற்கும் முன்னாலேயே, அவன் கொத்துக்காரனிடம் சொல்லிக் கொடிக்கு வழி விட்டிருக்கிறான். வாயால் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, ஆபான் மாதம் வந்தால் அக்கா அங்கேதானே தோண்டுவாள், தோண்டினால் தெரியப் போகிறது என்று இருந்துவிட்டான். நாங்களோ சுவரைப் பார்த்ததும் தோண்டவே இல்லை. நாற்பது வருஷம் தோண்டின இடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மண்வெட்டியைப் போட்டிருந்தால்!

அப்போதுதான் அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. காலை அடுப்பை முடித்துவிட்டு அவன் வீட்டுக்கு வருகிற நேரம்.

"வந்துட்டியா?" என்றது ஹெஷ்மத்தின் குரல், துளைக்கு மிக அருகில். அவன் குனிந்திருக்க வேண்டும். "பதினஞ்சு நாளா பாக்கறேன். இன்னிக்கும் தோண்டலைன்னா கதவைத் தட்டிடலாம்னு இருந்தேன். ராத்திரி பனி வருதாம். தலையை நீட்டு, நான் பிடிச்சுக்கறேன். நீ முழங்கையில உக்காரு. இந்த வருஷமும் நடுவுல எழுந்துராதே."

கோகப் மண்டியிட்டபடியே இருந்தாள். நான் கிடந்த கொடியைப் பார்த்தேன், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டேன். ரொட்டிக்கடையில் அவன் கேட்டது என் காதில் மறுபடியும் விழுந்தது. தோண்ட ஆரம்பிச்சாளா?

"நீட்டேன்" என்றான் அவன். "என்ன, தனியா தூக்க முடியலையா? நான் சுத்திக்கிட்டு வரட்டுமா?"

"தம்பி" என்றாள் கோகப். "வெட்டிட்டேன்டா."

"எதை?"

"கொடியை. காலையில."

பத்ரி எங்கோ "யாரு அங்க?" என்று கேட்டாள். பிறகு துளைக்குள் ஒரு கை வந்தது. நகக்கண்ணெல்லாம் காய்ந்த மாவு. மண்ணைத் தடவிக்கொண்டே வந்து, வேரைத் தொட்டு, அடிக்கட்டை மேல் ஏறி, வெட்டுவாயைக் கண்டுபிடித்தது. கட்டைவிரல் அந்த வட்டத்தின் மேல் ஒருமுறை சுற்றியது. அந்தக் கை எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேர் ஆடலைல்ல?" என்றான்.

"இல்ல."

"அப்ப மூடு. நல்லா கனமா மூடு."

கை திரும்பிப் போயிற்று. அடுத்த நிமிஷம் அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. தள்ளித் தள்ளி, அவனும் பள்ளத்தை மூடிக்கொண்டிருந்தான். கோகப் துளையருகே முகத்தை வைத்து, அழுகையோடு கேட்டாள். "நீ எதுக்குடா மூடற? அங்கதான் ஒண்ணுமே இல்லையே."

"நாப்பது வருஷ வேர், அக்கா" என்றான். "இந்தப் பக்கமும்தான் வந்திருக்கும்."

நாங்களும் மூடினோம். இருட்டுவதற்குள் அடிக்கட்டை மேல் இடுப்பளவு மண் நின்றது. சாக்கை யாரும் திரும்பத் துளையில் அடைக்கவில்லை. மறுநாள் கூரைப்பனியைத் தள்ளும்போது ஹெஷ்மத் அதில் பாதியைச் சுவருக்கு இந்தப் பக்கம், அந்த மண்மேட்டின் மேல் போட்டான். மண்ணுக்கு மேலே பனி இருந்தால் குளிர் கீழே இறங்காது. வேர் பிழைத்ததா என்பது வசந்தத்தில்தான் தெரியும். இதை நான் சொல்லும்போது இன்னும் முற்றம் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். கோகப் வந்தாள். கொதிநீரில் கையைக் கழுவினாள், மருந்தை ஏற்றினாள். "திரும்பிப் படு" என்றாள். நான் திரும்பிப் படுத்து, மூச்சைப் பிடித்து, வழக்கமான குத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஊசியைப் பிடித்த கை அப்படியே நின்றிருந்தது.

"ஃபரங்கிஸ்" என்றாள். "குத்தட்டுமா?"